கோடியை அடைத்த மூட்டைகள்

என் மனைவி மீனம்பாள்தான் சிவசங்கரின் குட்டைக் கரையை உடைத்தாள் என்று ஒரு காகிதத்தில் எழுதியிருந்தார்கள். தட்டச்சு செய்த காகிதம், நான்காவது பத்தி. "மேற்படி மீனம்பாள் என்பவர் அனுமதியின்றி அத்துமீறி நுழைந்து, கரையின் பாதுகாப்புக்காகக் கோடியில் வைக்கப்பட்டிருந்த மணல் மூட்டைகளை அகற்றிய காரணத்தாலேயே உடைப்பு ஏற்பட்டது." அவள் செத்து அப்போது இரண்டு மாதம் ஆகியிருந்தது. பதில் சொல்ல அவள் வரமாட்டாள் என்பது எழுதியவருக்கு நன்றாகத் தெரியும்.

நான் செஞ்சியில் பத்திர எழுத்தர். இருபத்தாறு வருடமாக மற்றவர்கள் விற்பதையும் வாங்குவதையும் எழுதிக் கொடுத்து வருகிறேன். சொந்த விஷயம் என்று ஒரு பக்கம் எழுதியதில்லை. இதை எழுதவைத்தது அந்த நான்காவது பத்தி.

எங்கள் ஊர் நொச்சிமேடு. செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போகும் பஸ்ஸில் ஏறி, கைகாட்டியில் இறங்கி ஒன்றரை கிலோமீட்டர் உள்ளே நடக்க வேண்டும். ஊருக்கு மேற்கே இரண்டு கல்மலை. இரண்டுக்கும் நடுவில் இறங்கும் ஓடையைப் பொன்னுசாமி என்பவருடைய தாத்தா காலத்தில் மறித்து, ஐந்தடி உயரத்துக்கு மண்கரை போட்டிருந்தார்கள். மாடு தண்ணீர் குடிக்கவும், கீழே இருக்கிற இரண்டு கிணறு ஊறவும்தான் அந்தக் குட்டை. அதற்குமேல் வருகிற தண்ணீருக்கு அவர்கள் ஆசைப்பட்டதில்லை. கரையின் வடக்கு முனையில் பாறையை ஒட்டி ஆறடி அகலத்துக்குக் கோடி விட்டிருந்தார்கள். குட்டை நிரம்பினால் மிச்சத் தண்ணீர் அந்த வழியாகத் தானே வெளியேறி, கோடிக்காலில் இறங்கி, எங்கள் கீழ்த்தெருவை ஒட்டிப் போய்ப் பெரிய ஏரியில் சேரும்.

மழைக்காலத்தில் எங்கள் ஊரில் யாரும் யாரையும் நலம் விசாரிப்பதில்லை. "கோடி போச்சா?" என்றுதான் கேட்பார்கள். கோடிக்காலில் முதல் தண்ணீர் வந்ததும் பெண்கள் மஞ்சளும் பூவும் போடுவார்கள். யாராவது தேங்காய் உடைப்பார்கள். குட்டை எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று மலையடிவாரத்துக்குப் போய்ப் பார்க்கிற வழக்கமே இல்லை. வாசலில் நின்று கோடிக்காலைப் பார்த்தால் போதும். தண்ணீர் ஓடினால் குட்டை நிறைந்துவிட்டது, ஓடாவிட்டால் இன்னும் இடம் இருக்கிறது. எங்கள் கீழ்த்தெரு பதினொரு வீட்டுக்கும் இது பாடம். இந்தப் பாடத்தை நம்பித்தான் கெட்டோம்.

எட்டு வருடத்துக்கு முன்னால் பொன்னுசாமி தன் ஆறு ஏக்கரையும் குட்டையோடு சேர்த்து விற்றார். வாங்கியவர் சென்னைக்காரர் சிவசங்கர். பத்திரம் எழுதியது நான். நான்கு எல்லையும் எழுதி முடித்தபிறகு பொன்னுசாமி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கோடியைப் பற்றி ஒரு வரி போடச் சொன்னார். எதற்கு என்று கேட்டேன்.

"அந்தக் கோடி என்னுது இல்லப்பா. கீழ இருக்கறவங்களுது. நான் எப்டி விக்க முடியும்?"

சிவசங்கர் சிரித்தார். "பெரியவரே, இந்த ஊர்ல தண்ணி வந்தாத்தானே தடுக்கிறதுக்கு. போட்டுக்கங்க, எனக்கு ஒண்ணும் இல்ல." நான் போட்டேன். படித்துக் காட்டினேன். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அடுத்த வருடம் பொன்னுசாமி காலமாகிவிட்டார்.

சிவசங்கர் கெட்டவர் போலப் பேசமாட்டார். ஊர்த் திருவிழாவுக்கு மைக் செட் எடுத்துக் கொடுப்பார். என்னை "ரைட்டர் சார்" என்பார். முதல் நான்கைந்து வருடம் மாமரம் வைத்தார், வீடு கட்டினார். பிறகு சனி, ஞாயிறுகளில் சென்னையிலிருந்து ஆட்கள் காரில் வந்து தங்க ஆரம்பித்தார்கள். வந்தவர்களுக்குக் காட்ட ஏரி வேண்டியிருந்தது. மூன்று வருடத்துக்கு முன்னால் ஜே.சி.பி. வைத்து ஐந்தடிக் கரையைப் பத்தடி ஆக்கினார்.

மீனம்பாள் நூறு நாள் வேலையில் பணித்தளப் பொறுப்பாளர். பன்னிரண்டு வருடத்தில் அவள் பார்க்காத ஏரிக்கரை எங்கள் பக்கத்தில் கிடையாது. அரையடி மண் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டு இறுக்கி, அதன்மேல் அடுத்த அரையடி என்று வரிசை வரிசையாகத்தான் கரை ஏறவேண்டும் என்பாள். சிவசங்கரின் கரையில் ஜே.சி.பி. மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டிக்கொண்டிருந்ததை அவள் போய்ப் பார்த்தாள். வெட்டிய வேலிகாத்தான் மரங்களை வேரோடு உள்ளே தள்ளி அதன்மேல் மண்ணைப் போட்டிருந்தார்கள். மரம் மக்கினால் உள்ளே வளை மாதிரி ஆகிவிடும், தண்ணீர் அந்த வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும் என்று அவரிடமே சொன்னாள். அவர், கரைமேல் டிராக்டர் ஓட்டச் சொல்லியிருக்கிறேன், அதுவே மிதித்துவிடும் என்றார்.

"டிராக்டரு மிதிக்கறது ரெண்டு கோடு சார். மிச்சத்த யாரு மிதிக்கறது?"

அங்கிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் கம்பி வேலியும் கேட்டும் வந்தன. அதன்பிறகு ஊர்க்காரர் யாரும் கரைப்பக்கம் போக முடியவில்லை.

மனு எழுதித் தா, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று மீனம்பாள் என்னைக் கேட்டாள். ஒருமுறை இல்லை, நான்கு முறை. ஊருக்கே மனு எழுதிக் கொடுக்கிறவன் நான். ஆனால் சிவசங்கர் தன் நண்பர்களையெல்லாம் என்னிடம்தான் பத்திரம் எழுத அனுப்பிக்கொண்டிருந்தார். பார்க்கலாம், பார்க்கலாம் என்றே மூன்று வருடத்தை ஓட்டினேன். பத்திரத்தில் கோடியைப் பற்றி நான் எழுதியிருப்பதை ஒருநாள் அவளிடம் பெருமையாகச் சொன்னேன்.

"எழுதிட்டா போதுமா ரைட்டரே? தண்ணி அத படிச்சிட்டுத்தான் ஓடப்போவுதா?" என்றாள்.

போன வருடம் புரட்டாசியில் அவர் குட்டையில் மீன் விட்டார். அன்னப்பறவை மாதிரி இரண்டு படகும் வாங்கிப் போட்டார். படகு மிதக்க ஆழம் வேண்டும். மீன் போகாமல் இருக்கக் கோடியில் வலை வேண்டும். வலையைக் கட்டி, அதை ஒட்டி மணல் மூட்டைகளை அடுக்கி, பிளாஸ்டிக் தார்ப்பாய் போர்த்தி, கோடியைக் கரை மட்டத்துக்கே அடைத்துவிட்டார். இது கேட்டுக்கு உள்ளே நடந்தது. எங்களுக்குத் தெரியாது. அதற்கு முந்தின இரண்டு வருடமும் கோடி வழக்கம்போலத்தான் போனது. நாங்களும் வழக்கம்போலத்தான் மஞ்சள் போட்டோம்.

கார்த்திகையில் புயல் வந்தது. முந்தின நாள் மதியம் பிடித்த மழை விடவே இல்லை. கரண்ட் போய்விட்டது. காலையில் பத்து மணி இருக்கும், மீனம்பாள் வாசலில் நின்று மலைப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். குட்டையைப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் வா என்று கூப்பிட்டாள். நான் ஜன்னல் வழியாகக் கோடிக்காலைப் பார்த்தேன். தெருத் தண்ணீர் கணுக்கால் அளவுக்கு ஓடிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"கோடியே இன்னும் போவல மீனா. ரொம்பியிருந்தா வந்திருக்காதா?"

"இந்த மழைக்கு இன்னும் ரொம்பலயா? அதான் பயமா இருக்குது."

நான் எழுந்திருக்கவில்லை. அவளும் அப்போது போகவில்லை. என் பேச்சை நம்பினாளோ, மழை கொஞ்சம் விடட்டும் என்று இருந்தாளோ, தெரியாது. இரண்டு மணிக்கு யூரியா சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு தனியாகக் கிளம்பினாள். நடுவில் போன நான்கு மணி நேரத்துக்கு நான்தான் பொறுப்பு.

இரண்டே முக்காலுக்கு போன் வந்தது. மழை இரைச்சலில் கத்திப் பேசினாள். அவசரத்தில் மகள் பேரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுவாள்.

"தமிழினி நைனா, நல்லா கேட்டுக்கோ. கோடிய மூட்ட போட்டு அடைச்சி வெச்சிருக்கானுங்க. தண்ணி கரைக்கு ஒரு ஜாண் கீழ நிக்குது. கரைக்கு அடியில செவசெவன்னு மண்ணு கரைஞ்சி வருது. கீழ்த்தெருவுல ஒருத்தரு இருக்கக்கூடாது. எல்லாரையும் ஸ்கூலுக்கு ஏத்து. அப்பறம் கடப்பாரையோட நாலு ஆள அனுப்பு. நானும் இளையபெருமாளும் மூட்டைய எடுக்கறோம்."

நீ வந்துவிடு என்றேன்.

"நான் வந்துட்டா யாரு எடுக்கறது?" என்றாள். லைன் போய்விட்டது.

இளையபெருமாள் அங்கே வாட்ச்மேன். எங்கள் தெருப் பையன்தான், மீனம்பாளை அக்கா என்றும் என்னை மாமா என்றும் கூப்பிடுவான். பள்ளிக்கூடம் ஊரின் மேட்டில் இருக்கிறது. நான் வீடு வீடாக ஓடினேன். முதல் வீட்டிலேயே பதில் தயாராக இருந்தது. கோடியே போகலையே, எதற்கு ஓடவேண்டும் என்று கேட்டார்கள். காலையில் நான் சொன்ன அதே வார்த்தை. மற்ற பத்து வீட்டிலும் அதே கேள்விக்கு, கோடியை அடைத்து வைத்திருக்கிறார்கள் என்ற அதே பதிலைச் சொல்ல வேண்டியிருந்தது. கடைசி வீட்டு வள்ளியம்மாள், கோடியே போகாதபோது வீட்டை விட்டு ஓடினவள் என்று பேரெடுக்கமாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போனோம். அவளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, இரண்டு பேரைக் கடப்பாரையோடு கூட்டிக்கொண்டு நான் திரும்பியபோது சத்தம் கேட்டது. மலைப்பக்கமிருந்து, லாரி ஜல்லி கொட்டுகிற மாதிரி சத்தம். பிறகு கீழ்த்தெரு இருந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது.

தெருவில் ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஏழு வீடு போயிற்று, இரண்டு மாடு போயிற்று. மீனம்பாள் அடுத்த நாள் காலையில் கிடைத்தாள். அரைக் கிலோமீட்டர் தள்ளி, வேர்க்கடலைக் கொல்லை வேலியில். சாக்குக் கொங்காணி கழுத்தில் இருந்தது.

காரியம் முடிவதற்குள் அங்கே ஜே.சி.பி. வந்துவிட்டது. சீரமைப்பு என்று சொல்லிக் கோடியின் வாயை வாரிச் சுத்தமாக்கிவிட்டார்கள். வலை இல்லை, தார்ப்பாய் இல்லை, ஒரு மூட்டைகூட இல்லை. படகு இரண்டையும் எங்கே கொண்டுபோனார்கள் என்றும் தெரியவில்லை. பேப்பரில் புயல் சாவு எண்ணிக்கையில் அவளையும் ஒரு ஆளாகச் சேர்த்தார்கள். கையும் காலும் ஓடாமல் நான் வீட்டில் கிடந்தேன்.

தை கடைசியில் விசாரணை என்று நோட்டீஸ் வந்தது. அதோடு சிவசங்கர் கொடுத்திருந்த மனுவின் நகலும் வந்தது. கரை உடைந்ததில் தனக்கு இழப்பு, நிலத்தடி நீரைச் சேமிக்க ஊர் நன்மைக்காகக் கட்டிய கரையை அதே உயரத்தில் திரும்பக் கட்ட அனுமதி வேண்டும் என்று மூன்று பத்தி. நான்காவதில் மீனம்பாள். விசாரணையில் அந்தப் பத்தி நின்றுவிட்டால் கரையில் குற்றமில்லை, குற்றம் அவளுடையது. கரை மறுபடி எழும். ஊரைக் காப்பாற்றப் போனவள் ஊரைக் கெடுத்தவள் என்று அரசாங்கக் காகிதத்தில் இருப்பாள்.

மகள் தமிழினி திண்டிவனத்தில் லேப் டெக்னீசியன். லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். அந்தக் காகிதத்தைக் கசக்கி எறிந்து நான் கத்திய கத்தலுக்குத் தெருவே கூடிவிட்டது. அவள் அதை எடுத்து நீவி என் முன்னால் வைத்தாள்.

"கத்தாத நைனா. பத்திரத்த படிக்கற மாதிரி படி."

படித்தேன். ஊரார் பத்திரத்தை எப்படிப் படிப்பேனோ அப்படி, ஒவ்வொரு சொல்லாக. மூன்றாவது தடவையில் நின்றேன். "கோடியில் வைக்கப்பட்டிருந்த மணல் மூட்டைகளை." ஜே.சி.பி. வைத்து வாரிப் போட்ட மூட்டைகளை அவரே காகிதத்தில் திரும்ப அடுக்கி வைத்திருந்தார். அவள் மூட்டையை எடுத்தாள் என்றால் கோடியில் மூட்டை இருந்தது. கோடியில் மூட்டை இருந்தது என்றால் அதை யாரோ வைத்தார்கள்.

விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. அதிகாரி நாற்பது வயதுக்குள் இருக்கிற ஒரு பெண். பொறுமையாகத்தான் கேட்டார். சிவசங்கர் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். கரை எதற்காக என்று கேட்டதும், நீர் சேமிப்புக்காக மேடம், கீழே இருக்கிற கிணறுகளுக்கு என்னால்தான் தண்ணீர் என்றார். என் முறை வந்தது. நான் மனுவின் நான்காவது பத்தியை வாசித்தேன். பிறகு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து எடுத்து வந்திருந்த பத்திர நகலைப் பிரித்து எட்டாம் பக்கத்தை வாசித்தேன்.

"மேற்படி குட்டையின் வடக்கு முனையில் உள்ள கோடி வழியாக உபரி நீர் வடிந்து செல்வதற்கு எக்காலத்திலும் யாதொரு தடையும் செய்யாமலும், மேற்படி கோடியின் மட்டத்தை உயர்த்தாமலும் கிரையம் பெற்றவர் அனுபவித்துக் கொள்ள வேண்டியது."

அதிகாரி இரண்டு காகிதத்தையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மூட்டைகளை யார் வைத்தது என்று சிவசங்கரைக் கேட்டார். மழைக்காலத்தில் பாதுகாப்புக்காக ஆட்கள் வைத்திருப்பார்கள், தனக்குச் சரியாகத் தெரியாது என்றார். எந்த ஆட்கள் என்று அதிகாரி கேட்டார். சிவசங்கர் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் இளையபெருமாள் எழுந்து நின்றான். அவன் அப்போதும் அங்கேதான் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். உடைப்புக்குப் பிறகு இரண்டு மாதமாக என் முகத்தைப் பார்க்காமல் தெருவில் ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தவன்.

"நான்தாம்மா அடுக்கினேன். எழுபத்திரண்டு மூட்ட. படகு ஓடணும்னு ஓனர் சொன்னாரு, அடுக்கினேன்."

சிவசங்கர் திரும்பி, "டேய், பாத்துப் பேசு" என்றார்.

"பாத்ததத்தான் சார் பேசறேன்." அவன் அதிகாரியைப் பார்த்தே சொன்னான். "அக்கா வந்து கத்துச்சு, கேட்ட தெறந்துவிட்டேன். மூட்டைய எடுறான்னுச்சு. ஓனரக் கேக்காம எடுக்கமாட்டேன்னு சொன்னேன். போன் போட்டேன், அவரு எடுக்கல. அக்கா ஒண்டியா ஏழு மூட்ட எடுத்துச்சு. நான் பக்கத்துல நின்னு போனையே பாத்துக்கினு இருந்தேன். உன்னால ஆவாது, ஊர்ல போயி ஆள இட்டாரேன்னு கரைமேல நடந்துச்சு. பாதி தூரம் போச்சு. நடுவுல கரை அப்டியே உள்ள எறங்கிச்சு. கோடிக்கிட்ட ஒண்ணும் ஆவல. மீதி மூட்ட அங்கேயேதான் இருந்துச்சு. மூணாம் நாளு அத நான்தான் வண்டியில ஏத்தினேன்."

கரை நடுவில் இறங்கிய இடம், வேலிகாத்தான் வேர்களைப் போட்டு மூடிய இடம். அங்கே போனால் இன்றைக்கும் வேர் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். மறுநாள் அதிகாரியும் போய்ப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார்.

பிறகு என் வாக்குமூலத்தை அதிகாரியோடு வந்த எழுத்தர் எழுதினார். எழுதியதை வாங்கிப் படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு வரி சேர்க்க வேண்டும் என்றேன். காலை பத்து மணிக்கு அவள் கூப்பிட்டாள், கோடி போகவில்லை என்று சொல்லி நான் போகவில்லை. மூன்று வருடமாக மனு கேட்டாள், எழுதித் தரவில்லை.

"அது இந்த விசாரணைக்குத் தேவையில்லீங்க" என்றார் அதிகாரி.

"தேவை மேடம். செத்தவ மேல மட்டும் பழிய எழுதறதுக்கு எடம் இருந்தது. உயிரோட இருக்கறவங்க மேல எழுதறதுக்கும் எடம் இருக்கணும்."

அவர் தாளை என் பக்கம் தள்ளினார். நானே எழுதினேன். கீழே கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வேப்பமரத்தடியில் சிவசங்கர் காருக்குக் காத்துக்கொண்டிருந்தார். அப்போதும் குரலை உயர்த்தவில்லை. நீங்க எனக்காக எழுதின பத்திரத்தை எனக்கு எதிராகவே திருப்பிவிட்டீர்களே, ரைட்டர் சார் என்று வருத்தப்படுகிற மாதிரிச் சொன்னார்.

"உங்களுக்காக எழுதல சார். அந்த வரிய பொன்னுசாமி எழுதச் சொன்னாரு. படிச்சிக் காட்டினேன். சிரிச்சிக்கினே கையெழுத்து போட்டீங்க."

அவர் மேல் வழக்கு நடக்கிறது. எப்போது முடியும் என்று சொல்ல எனக்குத் தைரியமில்லை. இளையபெருமாளுக்கு அன்றைக்கே வேலை போயிற்று. இப்போது செஞ்சி பஸ் ஸ்டாண்டில் பழக்கடையில் நிற்கிறான். அவனோடு நான் பேசுகிறேன், அதிகம் இல்லை. மறுபடி கரை கட்டும் மனு நிராகரிக்கப்பட்டது என்று சித்திரையில் உத்தரவு வந்தது. மூன்று பக்கம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு முதலில் அவள் பெயரைத் தேடினேன். இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

"கோடி முறைகேடாக அடைக்கப்பட்டிருந்ததாலும், கரை முறையாக இறுக்கப்படாததாலும் உடைப்பு ஏற்பட்டுள்ளது. அடைப்பை அகற்ற முயன்ற திருமதி மீனம்பாள் எச்சரித்ததன் பேரில் கீழ்த்தெரு மக்கள் அனைவரும் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர்."

தமிழினிக்கு போனில் வாசித்துக் காட்டினேன். இன்னொரு முறை படி நைனா என்றாள். படித்தேன்.